எவரிஸ்தோவுக்கு ஆறடி நிலம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், மாட்டிறைச்சித் தொழிற்சாலையில் பதினேழு வருஷம் வேலை பார்த்தவன் எவரிஸ்தோ. ஜனவரியில் ஒருநாள் காலை, வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மெக்சிகோவிலிருந்து அவன் மனைவி ஒட்டிலியாவுக்கு மாமியார் போன் செய்தாள். "எம்புள்ளைய அந்நிய மண்ணுல விட்டுடாத மருமகளே. பெட்டியில வெச்சு அனுப்பிடு. அவன் அப்பன் பக்கத்துல படுக்கட்டும்."

பெட்டியோடு ஒட்டிலியா போக முடியாது. குடியிருப்புக் காகிதம் எதுவும் அவளிடம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் திரும்ப வழியில்லை. மகள் யாரெலிக்குப் பதினைந்து வயது, இந்த ஊரிலேயே பிறந்தவள்.

கொழுந்தன் ஃபிடென்சியோ குதித்தான். "அம்மா சொல்றதச் செய்யுங்க அண்ணி. இந்த ஊர்ல நம்மள எவன் மதிச்சான்? செத்த பிறகும் அண்ணன் இவனுங்க காலடியிலதான் கெடக்கணுமா?"

"அனுப்பிட்டா நான் எங்க போயி அழுவேன் தம்பி? போன்லயா?"



மறுநாள் ஒட்டிலியா யாரெலியுடன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அதைப் பார்த்துக்கொள்பவர் வெர்லின் என்ற கிழவர். "இடமெல்லாம் ஊர்க்காரங்களுக்குத்தாம்மா" என்றார், முகத்தைப் பார்க்காமல். "மத்தவங்கன்னா கமிட்டி கூடணும்."

யாரெலி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதற்குள் ஒட்டிலியாவே தட்டுத்தடுமாறிக் கேட்டாள்: "பதினேழு வருஷம் இருந்தாச்சு. ஊர்க்காரங்க ஆக இன்னும் எத்தன வருஷம் வேணும்?"

வெர்லின் தொப்பியைக் கழற்றிப் பிடரியைத் தடவினார். "செத்தவரு போட்டோ இருக்கா?"

யாரெலி போனில் காட்டினாள். வெர்லின் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"வெள்ளம் வந்தப்போ என் வீட்டு வாசல்ல மணல் மூட்டை அடுக்கினவரு இவரு. பொழுது சாயிற வரைக்கும் நின்னாரு. நான் பேருகூடக் கேக்கல." ஒரு தாளை எடுத்தார். "பேரச் சொல்லும்மா, எழுதிக்கறேன். கமிட்டியில நான் பேசறேன்."

கமிட்டியில் இரண்டு பேர் கையைத் தூக்கவில்லை; மூன்று பேர் தூக்கினார்கள். சோளக்காட்டு வேலியோரம் இடம் கிடைத்தது.

சேதி கேட்ட மாமியார், "அப்ப எனக்குப் புள்ளையும் இல்ல, மருமகளும் இல்ல" என்று போனை வைத்துவிட்டாள்.

உறைபனியில் மண் கல்லாக இறுகியிருந்தது. குழி தோண்ட இயந்திரத்துக்கே அரை நாள் பிடித்தது. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் தூக்கம் கெட்டு வந்து நின்றார்கள். ஊர்க்காரர்கள் என்று பார்த்தால் வெர்லினும் பக்கத்து வீட்டம்மாவும்தான். ஃபிடென்சியோ வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். பெட்டியை இறக்கும்போது மட்டும் ஓடிவந்து கயிற்றைப் பிடித்தான்.

எல்லோரும் கலைந்ததும் வெர்லின் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு. உங்க பேருல எழுதி வெச்சிரட்டுமா?"

ஒட்டிலியாவுக்குத் மெக்சிகோவில் தன் தாயைப் புதைத்த மேட்டு நிலம் நினைவுக்கு வந்தது. மகளைப் பார்த்தாள். குளிரில் மூக்கு சிவந்து, தகப்பனின் கோட்டுக்குள் ஒடுங்கி நின்றாள் யாரெலி.

"இப்பக் கேக்காதீங்க ஐயா" என்றாள்.

வீட்டுக்கு நடக்கையில் மாமியாரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.