இரண்டாவது புராசசர்

அரியலூருக்கு வெளியே இருக்கும் அந்த சிமெண்ட் ஆலையின் சர்வர் அறையைத் திறந்ததும் புவனேஸ்வரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூலையில் வெற்றிலை எச்சில் காய்ந்து கிடந்தது. சர்வரின் முன்பக்க வலையில் தூசி அப்பியிருக்க, அதில் ஒரு பல்லி செத்து ஒட்டியிருந்தது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். சர்வர்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர் அவள்.

காலையில் சர்வர் எட்டு நிமிடம் நின்றுபோய், டோக்கன் போட முடியாமல் லாரிகள் ரோடு வரை நின்றிருந்தன. பிறகு அது தானாகவே எழுந்து ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் இராமலிங்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டும். டோக்கன் கவுண்டரில் உட்காரும் கலைமணி என்ற பெண், போன் சார்ஜ் போடுவதற்காகப் பிளக்கைப் பிடுங்கியதால்தான் நின்றது என்று எழுதச் சொன்னார்.

“இவங்களையெல்லாம் கொண்டாந்து கம்ப்யூட்டர்ல உக்கார வெச்சா இப்படித்தாம்மா. எந்தத் தெருவுன்னு பாத்துல்ல எடுக்கணும்.”

புவனேஸ்வரிக்கு அந்த வாயைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அவள் வளர்ந்ததும் அப்படி ஒரு தெருவில்தான். லேப்டாப்பை இணைத்தாள்.

அந்த சர்வரில் இரண்டு புராசசர்கள். அவற்றைக் கண்காணிக்கத் தனியாக ஒரு சின்ன சிப் உண்டு. தான் நன்றாக ஓடுவதாக சர்வர் அதற்கு அடிக்கடி தகவல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தகவல் நின்றால் உறைந்துவிட்டது என்று பொருள். உடனே சிப்பே சர்வரை அணைத்துத் திரும்பப் போடும். எழும்போது ஒவ்வொரு புராசசராகச் சோதித்து, தேறாததை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வைத்து வேலை தொடரும். நடந்தது அத்தனையும் நேரத்தோடு பதிவாகும்.

பதிவாகியிருந்தது. 9.42, இரண்டாவது புராசசரில் கோளாறு. 9.44, மறுதொடக்கம். அடுத்த வரியில் அந்தப் புராசசர் ஒதுக்கப்பட்டு, 9.50-க்கு சர்வர் ஓடத் தொடங்கியிருந்தது. மின்சாரம் தடைப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை.

இன்னும் பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்பும் இதே புராசசர், இதே கோளாறு. அன்று மாலையே, ‘மீண்டும் சேர்க்கப்பட்டது’ என்று ஒரு வரி. சேர்த்தவள் அவள்தான். சர்வர் மந்தமாக ஓடுகிறது என்று இராமலிங்கம் சத்தம் போட்டார். புதுசு வரும்வரை பழசையே சேர்த்துவிடு என்று அவளுடைய மேலாளர் போனில் சொன்னார். இயந்திரம் சரியாகக் கண்டுபிடித்து ஒதுக்கியதை, மறுபேச்சில்லாமல் சேர்த்துவிட்டு பஸ் ஏறியிருந்தாள். நினைக்க நினைக்கத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

உள்ளது உள்ளபடி, தான் செய்ததையும் சேர்த்து, ரிப்போர்ட் எழுதினாள்.

“நீதாம்மா மாட்டிக்குவ,” என்றார் இராமலிங்கம்.

“மாட்டிக்கிறேன் சார்.”

அவர் கையெழுத்துப் போட மறுத்தார். அங்கிருந்தே ஆலைத் தலைமைக்கும் தன் மேலாளருக்கும் அதை மெயிலில் அனுப்பினாள்.

வெளியே கலைமணி அழுது வீங்கிய முகத்தோடு நின்றிருந்தாள். புவனேஸ்வரி ரிப்போர்ட்டின் ஒரு பிரதியை அவளிடம் கொடுத்தாள். கலைமணி கடைசி வரி வரை படித்தாள்.

“நாந்தான் புடுங்குனேன்னு காலையிலயே மேனேஜரு எழுதி வாங்கிட்டாரு, அக்கா. நீங்க அன்னிக்கே அதச் சேக்காம இருந்திருந்தா இது நடந்திருக்குமா?”



நாலு நாளில் புது புராசசர் வந்தது. வேறொருவர் போய் மாட்டினார். கலைமணியை மறுபடி கவுண்டரில் உட்கார வைத்தார்கள். எழுதி வாங்கியதை மட்டும் திருப்பித் தரவில்லை. இராமலிங்கத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை. புவனேஸ்வரிக்குக் கம்பெனி மெமோ கொடுத்தது. கெட்டதைச் சேர்த்தது தவறு என்று அதில் இல்லை. வாடிக்கையாளரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டது தவறு என்று இருந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேலாளர் தன் பேனாவை நீட்டினார். அதைத் தொட மனமில்லாமல், பையைத் துழாவித் தன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.