காட்மாண்டுவில் முதல் போணி

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகத் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயம்மாள் சூப்பர் மார்க்கெட்டின் கள்ளக்குறிச்சி தலைமை அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுவது என் வேலை. முதலாளி தீனதயாளன் கூப்பிட்டுச் சொன்னார்: "காட்மாண்டுல கடை தொறக்கறோம்ல? நம்ம வளர்ச்சிய ரெண்டு பக்கத்துக்குக் கதை மாதிரி எழுதுப்பா. படிக்கறவன் அசந்து போவணும்."

எழுதினேன்:

'கள்ளக்குறிச்சியில் ஒரு கடை, பிறகு சின்னசேலம், வெள்ளிமலை, பிறகு தமிழகமெங்கும், கடல் தாண்டிக் கொழும்பு, இதோ இப்போது இமயத்தின் மடியில்—'

(நிறுத்திவிட்டேன். கடையைவிட வாக்கியம் வேகமாக வளர்கிறது. கொழும்பில் வியாபாரம் கம்மி என்று சொல்ல இதில் இடமே இல்லை. காசியம்மாளுக்கும் இல்லை.)

2

வேறு தொடக்கம்.

காசியம்மாள் மணலூர்பேட்டைப் பக்கம் நடவுக்குப் போகிறவர். முதல் கடை திறந்த அன்று, ரிப்பன் வெட்ட வேண்டிய பிரமுகர் வந்து சேரவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்த இவர் ரிப்பனுக்குக் கீழே குனிந்து உள்ளே போய், ஒரு உப்பு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடை பிய்த்துக்கொண்டு ஓடியது. ராசியான கை என்று அன்றிலிருந்து எந்தக் கிளை திறந்தாலும் முதல் போணி அவர் கையால்தான். வெள்ளிமலைக்கு ஜீப்பில் போனபோது வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு உப்பு வாங்கினார். கொழும்புக்கு விமானத்தில் கூட்டிப்போனார்கள்.

(ஒரு சந்தேகம். இவரை ரொம்ப சாதுவாக எழுதுகிறேனோ? வாய் ஜாஸ்தி உள்ளவர். வெள்ளிமலைத் திறப்பு விழாவில் ஒரு சிப்ஸ் பாக்கெட்டை அமுக்கிப் பார்த்து, "இன்னா சார், காத்தையும் விக்கிறீங்களா?" என்று முதலாளியையே கேட்டவர். இனி அப்படியே எழுதுகிறேன்.)

3

கொழும்புக் கடை தடுமாறுகிற சேதி காசியம்மாளின் ஊர் வரைக்கும் போய்விட்டது. யார் சொன்னார்களோ தெரியாது. அங்கே ராமசாமி வீட்டு நிலத்தில் எப்போதும் காசியம்மாள் முதல் முடியை, அதாவது முதல் நாற்றுக் கட்டை, நட்ட பிறகுதான் மற்றவர்கள் சேற்றில் இறங்குவார்கள். இந்தத் தடவை அந்த முடியை வேறொருத்தி கையில் கொடுத்திருக்கிறார்கள்.

காசியம்மாள் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"இன்னா தம்பி எழுதிக்கினு இருக்கற?"

"நம்ம கடையோட கதைதான்க்கா."

"அதுல என் கை வருதா?"

"வருது."

"அப்டின்னா இதையும் எழுது. கொளும்புல நான் போணியே பண்ணல."

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னார். எங்கே போனாலும் தன் கூலிக் காசில்தான் உப்பு வாங்குவாராம். கொழும்பில் நம் நோட்டு செல்லாது. கல்லா முன்னால் இவர் முழித்துக்கொண்டு நிற்க, முதலாளி தன் சட்டைப் பையிலிருந்து அந்த ஊர் நோட்டை எடுத்துக் கையில் திணித்திருக்கிறார். போட்டோ எடுத்தாயிற்று.

"அவரு காசு அவரு கல்லாவுக்கே போச்சு. அது எப்டி தம்பி போணியாவும்? என் வூட்டு சோத்த நானே துன்னுட்டு விருந்துக்குப் போனேன்றதா?"

"அங்கயே சொல்லியிருக்கலாமேக்கா?"

"அல்லாரும் கை தட்டிக்கினு இருக்காங்க. அதுல எங்க சொல்றது?"

4

கதை கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். உடனே ஒரு முடிவும் எழுதினேன்: 'உண்மையைக் கேட்ட தீனதயாளன் தலை குனிந்து—'

அவர் குனிகிற ஆள் இல்லை. எழுதுவதைவிடக் கேட்டே விடலாம் என்று, கையெழுத்து வாங்கப் போன சாக்கில் விஷயத்தைச் சொன்னேன்.

சிரித்தார். "அவ்ளோதான? காட்மாண்டுல நம்ம நூறு ரூபா நோட்டயே வாங்கிக்குவாங்கப்பா. அந்தம்மா தன் காசுலயே வாங்கட்டும். அந்தக் கடையும் படுத்துச்சுன்னா அப்பறம் அவங்க கைய நம்பறதுல அர்த்தமில்ல."

நல்ல சேதி என்று நினைத்து காசியம்மாளிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கெடுத்தியே தம்பி! இப்ப கொளும்பப் பத்தி யாராச்சும் கேட்டா, அவரு காசுன்னு நான் ஒரு பேச்சு பேசலாம். என் காசப் போட்டு அங்கயும் படுத்தா இன்னா பேசுவேன்? மொத முடி இன்னா, களையெடுக்கக்கூட கூப்புட மாட்டானுங்க."

(கடை படுப்பதற்குக் காரணம் வாடகை, சரக்கு, இடம் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கடிதங்களை எழுதுகிறவனே நான்தான். கொழும்புக் கடை இருப்பது பஸ் நிற்காத தெருவில். ஆனால் அந்தத் தெருவை யாரும் ராசியில்லாதது என்று ஒதுக்கவில்லை. இவரைத்தான் ஒதுக்கினார்கள்.)

5

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

அ. தன் நோட்டைக் கொடுக்கிறார், கடை ஓடுகிறது. மலருக்குப் பொருத்தம். நாலு வரி தாண்டுவதற்குள் விளம்பரமாகிவிட்டது.

ஆ. தன் நோட்டைக் கொடுக்கிறார், கடை படுக்கிறது. ராமசாமியின் வரப்பில் காசியம்மாள் நின்று—

(வேண்டாம். எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம். படித்தவன் இப்படிப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். பயமாக இருக்கிறது.)

இ. யாராவது கொடுத்த நோட்டையே நீட்டிவிடுகிறார். கடை படுத்தால் பழி இல்லை. ஓடினால் பெருமையும் இல்லை, முதல் முடியும் திரும்பி வராது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. வீடியோ கால். காட்மாண்டு. சேலைக்கு மேல் யாருடையதோ ஸ்வெட்டர், பின்னால் பலூன் வளைவு. காசியம்மாள் கல்லாவுக்கு எதிரே நிற்கிறார். உப்பு பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார்.

"தம்பி, மேனேஜரு பிரவீன்குமாரு இந்த ஊரு நோட்டு ஒண்ணக் குடுத்துட்டாருப்பா. போட்டோவுல இதான் தெரியணுமாம். என் நோட்டும் கையில இருக்குது. எதக் குடுக்கட்டும்?"

"அம்மா, கேமராவப் பாருங்கம்மா!" என்று பின்னால் ஒரு குரல்.

"இருய்யா, பேசிக்கினு இருக்கறன்ல? தம்பி, சொல்லு."

வந்த கடிதத்துக்கு அன்றைக்கே பதில் போடுகிறவன் நான். வாயைத் திறந்தேன். அவருக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை தெரிந்த மாதிரி முதலாளியிடம் போய்ச் சொன்னதன் பலன்தான் இது.

அதனால் போனை உங்கள் பக்கம் திருப்புகிறேன். மன்னியுங்கள். அவர் திரைக்குக் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கி உங்களைப் பார்க்கிறார்.

"இது யாரு? செரி, யாரா இருந்தா இன்னா. நீங்களாச்சும் சொல்லுங்க. பின்னால ஆளுங்க நின்னுக்கினு இருக்காங்க."