தண்ணீர் வந்தால் காதல் கவிதை

"கவியரங்கத்துல காதல் கவிதை படிடா. ஒன் ஸ்பானியக் கவிஞர் அதுவும் எழுதியிருக்காருல்ல?" என்றார் கேம்ப் பொறுப்பாளர் விஜயபாஸ்கர்.

"எழுதியிருக்காருண்ணே. குழாய்ல தண்ணி வரட்டும், அதையும் படிக்கிறேன்," என்றான் வைரவன்.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் மலையை உடைக்கிற குவாரி அது. ஒரு வாரமாகத் தொழிலாளர் கேம்ப் குழாய்கள் வெறும் காற்றைத்தான் கக்கின. மேனேஜர் பங்களாவின் புல்தரை மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. வைரவன் கையில் தமிழில் மொழிபெயர்த்த பழைய கவிதைப் புத்தகம் ஒன்று இருந்தது. சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்றதற்காக நாடு கடத்தப்பட்ட அந்த ஸ்பானியக் கவிஞர் எழுதியது.

"அடுத்த மாசம் ஒனக்கு விசா புதுப்பிக்கணும், ஞாபகம் வச்சுக்க. கவிதைக்கும் அரசியலுக்கும் என்னடா சம்பந்தம்?"

"அத அவர நாடு கடத்துனவங்ககிட்டக் கேளுங்கண்ணே. சம்பந்தம் இல்லாமயா பயந்தாங்க?"

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக் கூடத்தில் கவியரங்கம். முன்வரிசையில் தமிழ் தெரியாத மேனேஜர், சிறப்பு விருந்தினர். கவியரங்கத்தில் எந்த அடியையும் ஒரு தடவையோடு விடும் வழக்கமில்லை. முதல் தடவை காதுக்கு, இரண்டாம் தடவை மனசுக்கு என்பார்கள்.

வைரவன் மேடையேறினான். விசா போனால் ஊரில் மனைவி பானுமதிக்கு என்ன பதில் சொல்வது? மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு புத்தகத்திலிருந்து முதல் அடியைப் படித்தான்.

"மலையைக் குடைந்தவனுக்கு மலையடியில் தண்ணீர் இல்லை!"

மைக் செத்தது. விஜயபாஸ்கர் கையில் பிடுங்கிய வயர் தொங்கியது.

பின்வரிசையில் நாகர்கோவில்காரன் செல்வசிங் எழுந்தான்.

"ஏ மக்கா, ரெண்டாவது தடவ எங்கடே? மைக்குக்குத்தான தொண்ட போச்சு, நமக்கா போச்சு?"

அவன் தொடங்கினான், கூடமே சேர்ந்து அந்த அடியைச் சொன்னது. தகரக் கூரை அதிர்ந்தது.

மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பினார். "க்யா போல் ரஹே ஹைன்?" என்ன சொல்கிறார்கள் என்று இந்தியில் கேட்டார்.

"லவ் போயம், சார்," என்று இளித்தார் விஜயபாஸ்கர்.

வைரவன் மேடையை விட்டு இறங்கி மேனேஜருக்கு நேரே வந்து நின்றான். விஜயபாஸ்கர் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். வைரவன் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. குவாரியில் கற்ற உடைந்த இந்தி அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"சாப், கேம்ப் மே பானி நஹி." கேம்பில் தண்ணீர் இல்லை என்றான்.

மேனேஜரின் முகம் சுருங்கியது. வைரவன் நகரவில்லை. கவியரங்க முறை பிசகாமல், குரலை இன்னும் ஒரு படி உயர்த்தி, அதையே மறுபடியும் சொன்னான்.