பின்வாசல் பற்றிய ஒரு வாக்கியம்

என் மனைவி எரிந்து செத்தாள்.

மெத்தை நுரை செய்யும் ஆலையில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. தீ முன்பக்கம் பிடித்தது. எல்லோரும் பின்வாசலுக்கு ஓடினார்கள். அது வெளியே பூட்டியிருந்தது. அவள் தம்பி பக்கத்துப் பட்டறையில் வெல்டர். காஸ் கட்டரை இழுத்துக்கொண்டு ஓடிப் போய்ப் பூட்டை வெட்டியவன் அவன்தான். கதவைத் திறந்ததும், அதில் சாய்ந்திருந்தவர்கள் அவன் காலடியில் சரிந்து விழுந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தும் நிலை தாண்டியிருந்தது. அவளைப் பல்லை வைத்து அடையாளம் சொன்னேன். முன்பல் ஒன்று லேசாகத் திரும்பியிருக்கும்.

போலீஸ் அதை விபத்து என்று முடித்துவிட்டது. அரசு போட்ட விசாரணைக் குழு மட்டும் பூட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதியது.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், கல்லூரி நாளிலிருந்து நான் தொகுப்பாளன். சம்பளம் கிடையாது. பேர் கெட்ட தொழிலதிபர்களின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வேன். அவர்களுடைய ஆட்கள் ஏற்றிவைக்கும் புகழ்ச்சியை வெட்டுவேன். எதிரிகள் கொட்டிவிட்டுப் போகும் வசவையும் வெட்டுவேன். ஆலையின் நிர்வாக இயக்குநருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதை மட்டும் நான் தொடுவதில்லை. 'இந்தத் தீயில் இறந்த ஒருவரின் கணவன் நான்' என்று அதன் உரையாடல் பக்கத்தில் முதல் நாளே அறிவித்துவிட்டேன். சம்பந்தப்பட்டவன் யோசனை சொல்லலாம். சேர்ப்பதும் நீக்குவதும் மற்றவர்கள் பாடு.

வாதாடி வாதாடி ஒரே ஒரு வாக்கியம் சேர்க்கவைத்தேன். 'தீயின்போது பின்வாசல் வெளியே பூட்டப்பட்டிருந்ததாக விசாரணைக் குழு கூறியது.' சேர்த்தவர் பெயர் ஆந்தை. புனைபெயர்தான். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. அந்த வாக்கியமும் போய்விட்டால், அவள் ஏன் செத்தாள் என்பதற்கு நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி உலகத்தில் வேறு எதுவும் இல்லை.

மச்சான் ஒருநாள் செல்போனும் கையுமாக வந்தான்.

"யாரு மாமா இந்த ஆந்தை? நானும் காலையிலேர்ந்து அந்த ஆளு பக்கத்துல கொலைகாரன்னு போடுறேன். போடப் போட எடுக்குது."

"எடுக்கத்தான் செய்யும். நானா இருந்தாலும் எடுப்பேன்."

"என்னது?"

"கோர்ட்டு சொல்லாம கொலைகாரன்னு போட முடியாதுடா."

"சரி. பூட்டியிருந்துச்சுன்னு நேரா போட வேண்டியதுதானே? அது என்ன, குழு கூறியது? அவன் கூறணுமா? பூட்டை வெட்டினவன் நான் இருக்கேன்ல!"

"நீ பார்த்ததெல்லாம் ஆதாரம் ஆகாது. எங்கேயாவது அச்சுல வந்திருக்கணும்."

சட்டையைப் பிடித்தான். அதுவரை என்னை 'நீங்க' என்று சொன்னவன்.

"நீ அவளுக்குப் புருஷனா, இல்ல அந்தக் கம்பெனிக்குக் கணக்கப்பிள்ளையா?"

அறைந்தான். மறுபடி அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அழுதது அவன்தான்.

அடுத்த சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மொட்டை. இஸ்திரி போட்ட சட்டை. இன்னொருவன் குண்டன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். என்னைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்திருக்காது. இறந்தவர் ஒருவரின் கணவன் என்று நானே எழுதிவைத்திருந்தேன்.

"ஐயாவை வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணு தலைவராப் போடப்போகுது தம்பி" என்றான் மொட்டை. "அவங்க அந்தப் பக்கத்தைத்தான் படிப்பாங்களாம். ஒரே ஒரு வரி. எடுத்துடு, நாங்க போயிடுறோம்."

"நான் எடுக்கக்கூடாது. எடுத்தாலும் நிக்காது."

மொட்டை என் வலக்கையைக் குளியலறைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்தான். குண்டன் கதவைச் சாத்தினான். வலிக்கு முன்னால் சத்தம் வந்தது.

"இப்ப எடுக்கலாமா?"

இடக்கையால் நீக்கினேன். திரையில் வாக்கியம் மறைந்தது. மொட்டை என் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தான். வாக்கியம் அங்கேயே இருந்தது. 'காரணம் சொல்லாத நீக்கம். மீட்கப்பட்டது. ஆந்தை.'

"யார்றா அது?"

"தெரியாது."

"உன் கூட்டாளிதானே? வீடு எங்கே?"

"மூஞ்சிகூடப் பார்த்ததில்ல."

"மூஞ்சி தெரியாதவனோட சேர்ந்து என்னடா பொழப்பு இது?"

இன்னொரு தடவை கதவு. இன்னொரு தடவை நீக்கினேன். வாக்கியம் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை நீக்கியதும் திரையில் சிவப்புக் கட்டம் எழுந்தது. மொட்டை எழுத்துக் கூட்டிப் படித்தான். "தொடர்ந்து பக்கத்தைச் சிதைத்ததால் உங்கள் கணக்கு தடைசெய்யப்பட்டது. தடையா? யாருக்கு?"

"எனக்கு."

"அண்ணே, அப்ப ஐயாகிட்ட என்னண்ணே சொல்றது?" என்று குண்டன் நிஜமாகவே கேட்டான்.

அதற்குப் பதிலாக மொட்டை என் விலாவில் உதைத்தான். தரையில் விழுந்தேன். கழுத்தில் காலை வைத்து அழுத்தினான். அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தான். அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க, வேலை பாதியில், பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தான். பின்பாக்கெட்டில் வெல்டிங் கசடு தட்டும் சுத்தியல். ஒரு முனை உளி மாதிரி, மறுமுனை ஊசி மாதிரி.

முதலில் குண்டனின் முழங்கால். அவன் ஊளையிட்டுக்கொண்டு நொண்டி ஓடினான், செருப்பை விட்டுவிட்டு. அப்புறம் மொட்டையின் காதுக்கு மேலே. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவனை மறுபடி அடித்தான். சுவரில் தெறித்தது. இஸ்திரிச் சட்டையின் கழுத்து முழுக்கக் கறுத்தது.

"போதும்டா" என்றேன். அவன் காதில் விழவில்லை. பிடித்து இழுக்க எனக்குக் கை இல்லை.

மொட்டை பிழைத்துக்கொண்டான். பேச்சுதான் போய்விட்டது. யார் அனுப்பியது என்று அவன் இனிமேல் சொல்லப்போவதில்லை. குண்டன் அகப்படவே இல்லை. இவர்கள் யாரென்றே தெரியாது என்றது கம்பெனி. மச்சான் மேல் கொலை முயற்சி வழக்கு. ஏன் அடித்தாய் என்று நீதிபதி கேட்டபோது அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். பூட்டு எவ்வளவு கனம், வெட்ட எவ்வளவு நேரம் ஆனது, கதவு திறந்ததும் முதலில் விழுந்தது யார். மறுநாள் பத்திரிகையின் உள்பக்கத்தில் அது வந்திருந்தது. ஒரு பத்தி. தீர்ப்பு வந்த நாளில் இன்னொன்று: ஏழு வருஷம்.

அச்சில் வந்துவிட்டது. இனி அது ஆதாரம்.

என் கணக்கின் தடை நீங்கியிருந்தது. இடக்கை ஆள்காட்டி விரலால் உரையாடல் பக்கத்தில் யோசனையைத் தட்டினேன். ஆந்தையின் பதில் சீக்கிரம் வந்தது.

'சேர்க்கலாம். ஆனால் இதைச் சொன்னவர் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்றவர். அதை மறைத்துவிட்டு அவர் கூற்றை மட்டும் போட முடியாது. நிறுவனத்தின் மறுப்பும் வேண்டும். சம்மதமா?'

போட்டால், மண்டையை உடைத்தவன் பேச்சு என்று படிப்பவர்கள் தள்ளிவிடலாம். போடாவிட்டால் பேச்சே இல்லை. வேறொருவர் பக்கமாக இருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

'சம்மதம்' என்று தட்டினேன்.

சிறையில் மச்சானைப் பார்க்கப் போனேன். நடுவே கம்பிவலை. எடை குறைந்திருந்தான்.

"போட்டாங்களா மாமா?"

"போட்டாச்சு."

"படிங்க."

தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்ததைப் படித்தேன். "பின்வாசல் பூட்டைத் தாமே வெட்டித் திறந்ததாக, இறந்த ஒருவரின் சகோதரர் நீதிமன்றத்தில் கூறினார். நிறுவனத்தின் ஆள் என்று தாம் கருதிய ஒருவரைத் தாக்கிய வழக்கில் இவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். தாக்கப்பட்டவருக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் கூறியது."

அவன் வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டான்.

"கூறினாராம்ல. மரியாதையெல்லாம் பலமா இருக்கு. ஆந்தை நல்ல எடத்துப் பிள்ளை போல." சிரிக்கப் பார்த்தான். "அந்த ஆளுக்குப் பதவி?"

"கிடைச்சிருச்சு. அதுவும் பக்கத்துல இருக்கு."

என் கையைப் பார்த்தான்.

"வெரலு?"

"ரெண்டு மடங்காது."

"எடுத்துருவாங்களா மாமா, அந்த வரியை?"

"எடுத்துப் பார்ப்பாங்க."

"அப்புறம்?"

"யாராவது திரும்பப் போடுவாங்க."

"யாரும் போடலைன்னா? நீங்க போடுவீங்கல்ல?"

காவலர் நேரம் முடிந்தது என்று கம்பியைத் தட்டினார்.

"நான் தொடக்கூடாதுடா" என்றேன். "நான் அவ புருஷன்."