கார்டு அடித்த பிறகு

காஜாக்காரி என்றால்தான் அந்தத் தையல் ஃபேக்டரியில் அவளைத் தெரியும். சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தே சொந்தப் பெயர் போய்விட்டது. அங்கே ஒரு விசித்திர வழக்கம். மாலை மணி அடித்ததும் எல்லோரும் வரிசையில் நின்று, வீட்டுக்குப் போவதாகக் கார்டு அடிக்க வேண்டும். அடித்த கையோடு திரும்பிவந்து மெஷினில் உட்கார வேண்டும். அதற்குமேல் தைப்பதற்குச் சல்லிக்காசு கிடையாது. முதலாளி இதற்கு வைத்திருந்த பெயர் 'ஒத்துழைப்பு'. நல்ல மனுஷன்!

புதுத் தொழிலாளர் சட்டம் வந்தபின் ஒருநாள், சம்பளத்தைச் சரிபார்க்கத் தொழிலாளர் துறை ஆய்வாளர் அம்மா ஒருவர் வந்து நின்றார். சூப்பர்வைசர் முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தார்: "இன்னைக்கு மட்டும் கார்டு அடிச்சதும் நேரா வீட்டுக்குப் போயிடணும். புரியுதா?" காஜாக்காரிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டினாள்.

மணி அடித்தது. கார்டை அடித்தாள். பழக்கதோஷம், கால் தானாகத் திரும்பி நடந்தது. ஆய்வாளரின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

"ஏம்மா, இப்பதானே கார்டு அடிச்சீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணவன் முதுகுவலியோடு படுத்திருக்க, அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "அது ஒரு மறதி கேஸ் மேடம். அதுவா வந்து உக்காந்துடுச்சு."

"அப்ப வேற யாரும் இப்படித் தைக்கிறதில்லையா?"

வாசல்வரை போனவர்கள் நின்றார்கள். சூப்பர்வைசரின் முகத்தைப் பார்த்தார்கள். வேலை போனது போனதுதான் என்று அவள் தலை குனிந்துகொண்டாள்.

"தினமும் தைக்கிறோம் மேடம். நானும்தான்."

அயர்ன் மேசையில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனார்! வீட்டுப் பங்குத் தகராறிலிருந்து முகம் கொடுத்துப் பேசாதவள். "எங்க அண்ணிக்கு மறதியெல்லாம் இல்ல. இவங்க பழக்கின பழக்கம் அது."

அதன்பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசிய யாரையும் வேலையைவிட்டு எடுக்கச் சட்டம் விடாது என்று ஆய்வாளர் முதலாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னதோடு விடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார். பழைய பாக்கியும் கைக்கு வந்தது. காஜாக்காரி கைகூப்பியபோது, "இது என் வேலைம்மா" என்று சிரித்தார். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய ஒருவர் வந்தாரே, அதற்கே கோயில் கட்டலாம்.

பாக்கி வாங்கிய அன்று பஸ் நிறுத்தத்தில் காஜாக்காரி நாத்தனாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "என்கூடப் பேசுறதே இல்லையே, எனக்காக அன்னைக்கு எப்படி வாய் திறந்தே?"

"அது வீட்டுச் சண்டை அண்ணி. அதுக்காக உங்க உழைப்பை ஒருத்தன் தின்னுட்டுப் போக விட்டுடுவேனா?"

காஜாக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடுரோடு என்றும் பாராமல் அழுதாள்.