இழுத்தால் ஓடும் குதிரை

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய நடராசன், ஓய்வுபெற்ற மாதமே தன் வெகுநாள் ஆசைக்காக ஒரு குதிரை வாங்கினார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரட் ஜாதிக் குதிரை. உயரமும் பளபளப்பும் பார்த்தே மயங்கிவிட்டார். சுல்தான் என்று பேர் வைத்தார்.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் போகும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சுல்தான் பாய்ந்தது. நடராசன் பிரேக் பிடிக்கிற பழக்கத்தில் கடிவாளக் கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். அது இன்னும் வேகமெடுத்தது. மக்காச்சோளக் கொல்லையில் விழுந்து தோளில் காறை எலும்பு முறிந்தது.

"வித்துத் தொலைங்க அதை" என்றாள் மனைவி முத்தாயி.

அவருக்கும் கோபம்தான். தோளில் கட்டோடு இருந்த முதல் மூன்று வாரமும் கொட்டகைப் பக்கமே போகவில்லை. முத்தாயிதான் தீவனம் வைத்தாள்.

விஷயம் கேள்விப்பட்டு, அரும்பாவூரில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் வெற்றிச்செல்வி வந்தாள். சுல்தானைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அண்ணே, கயித்தை இழுத்தீங்களா?"

"இழுக்காம? நிறுத்தணும்ல?"

"பந்தயத்துல ஓட்டுறவங்க கயித்தை இறுக்கிப் பிடிச்சுத்தான் விரட்டுவாங்க. இறுக்குனா ஓடணும்னுதான் இதுக்குப் பழக்கம். நீங்க இழுக்க இழுக்க, போகச் சொல்றீங்கன்னு நெனைச்சிருக்கு."

அவள் போனதும் நடராசன் கொட்டகைக்குப் போனார். சுல்தான் அவர் தோளில் இருந்த கட்டுத்துணியை முகர்ந்தது. "சொன்னபடிதான்டா கேட்டிருக்க" என்றார்.

அதற்கு அகலமான மைதானமும் பழகிய கையும் வேண்டும் என்று அவருக்கே புரிந்தது. போன் போட்டுச் சொன்னார். வெற்றிச்செல்வி சுல்தானை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த பன்னிரண்டு வயசு காத்தியவாரி ஜாதிப் பெட்டைக் குதிரையைக் கொடுத்தாள். குட்டை உடம்பு, நுனி சேர்கிற மாதிரி உள்பக்கம் வளைந்த காது, வெயிலுக்கும் கரடுமுரடான பாதைக்கும் அசராத கால்.

"சாதுதான். ஆனா ஆளைப் புடிச்சாத்தான் ஏறவிடும். அவசரப்படாதீங்கண்ணே."

அது உண்மைதான். பத்து நாள் வரை பக்கத்தில் போனாலே பின்வாங்கியது. எலும்பு இன்னும் கூடாததால் நடராசனும் ஏற நினைக்கவில்லை. தினமும் கூடவே நடந்தார், கொள்ளு கொடுத்தார், பழைய பஸ் கதையெல்லாம் பேசினார். பதினோராம் நாள் அதுவாகவே வந்து அவர் முதுகில் தலையை முட்டியது.

டாக்டர் சரி என்றபின் ஒரு காலையில் ஏறி உட்கார்ந்தார். எதிரே டிராக்டர் வந்தது. பெட்டை காதை மட்டும் திருப்பிவிட்டு நடந்துகொண்டே இருந்தது. கயிறு அவர் கையில் தளர்ந்தே கிடந்தது.

வீட்டு வாசலில் இறங்கியபோது முத்தாயி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஒரு சுத்து நானும் போயிட்டு வரட்டா?"

நடராசன் அவள் கால் வைக்க இரண்டு கையையும் கோத்து நீட்டினார்.