போர்டைத் தாண்டி மூன்று முழம்

'நில்' என்று எழுதிய போர்டைத் தாண்டி மூன்று முழம் தள்ளித்தான் சடையனின் சைக்கிள் நின்றது. இறங்குவதற்குள் முதுகில் முதல் அடி விழுந்துவிட்டது.

"போர்டு கண்ணுக்குத் தெர்லயாடா?"

செக்போஸ்ட் காவலன் ராஜேந்திரன் போளூர்ப் பக்கத்து ஆள். மலைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. சைக்கிள்காரன் போர்டுக்கு முன்னாலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது சட்டம். நாளைக்கு இரண்டு பஸ் ஓடுகிற பாதையில் சட்டத்தைக் காட்ட அவனுக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

"புளி மூட்டை சார். கட்டை இழுத்து நிக்கணும். கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும்."

மூட்டையோடு மலையிறங்குகிற எல்லாரும் கேரியரில் கயிறு கட்டி, ஒரு மரக்கட்டையைத் தரையில் இழுபட விடுவார்கள். இந்தச் சரிவுக்கு பிரேக் ரப்பர் நாலு வளைவுகூடத் தாங்காது. சடையன் அதை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டான். கட்டைதான் பிரேக்.

"தார் ரோட்ட நாசம் பண்றியா?" ராஜேந்திரன் மூட்டையில் செருகியிருந்த அரிவாளை உருவி, கயிற்றை வெட்டி, கட்டையைப் பள்ளத்தில் எட்டி உதைத்தான்.

"ஐயோ சார், கட்ட இல்லாம வண்டி நிக்காதுங்க!"

எதிர்த்துப் பேசுகிறான் என்று தடி வாயில் இறங்கியது. ஒரு பல் மண்ணில் விழுந்தது. குறுக்குப் பாதையில் வந்து காத்திருந்த மனைவி செல்லி ஓடிவந்து தடுத்தாள். அவளுக்கும் தோளில் ஒன்று கிடைத்தது.

"வண்டி கீழ ஆபீசுக்குப் போவுது. அங்க வந்து கேளு." மூட்டையைக்கூட இறக்காமல் ராஜேந்திரன் ஹேண்டில்பாரைப் பிடித்தான்.

சடையன் அவன் காலைக் கட்டிக்கொண்டான். "வாணாம் சார்! கட்ட இல்லாம நிக்காது சார்!"

பூட்ஸ் கால் நெஞ்சில் பாய்ந்தது. விலா முறிந்த சத்தம் செல்லிக்கே கேட்டது.

"நிக்காது சார்..." ரத்தத்தோடு மூன்றாம் தடவையும் சொன்னான்.

"வண்டிய வுடாம இருக்க இன்னா பொய்டா பேசுற!" முகத்தில் இன்னொரு உதை. ராஜேந்திரன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து மிதித்தான்.

செல்லி புருஷனை உலுக்கினாள். "சத்தம் போட்டுச் சொல்லுய்யா!" அவளே கத்த வாயைத் திறந்தாள். தரையில் கிடந்த பல்லைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சடையனால் கத்த முடியும். கத்தவில்லை. ராஜேந்திரன் சாகட்டும் என்றுதான் அந்த நிமிஷம் அவனுக்கு இருந்தது. வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினான்.

வளைவுக்கு அப்பால் சைக்கிள் மணி விடாமல் அடித்தது. பிறகு ஒரு அலறல். பிறகு பள்ளத்தில் மரக்கிளைகள் முறியும் சத்தம்.

அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

"மூணு தபா சொன்னேன் இல்ல செல்லி?"

"சொன்ன."

"நாலாந்தபா?"

செல்லி எழுந்தாள். வளைவைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். விலாவைப் பிடித்துக்கொண்டு சடையனும் எழுந்து பின்னால் ஓடினான்.